கடைப்படிக்கு நாங்களே சாய்தளம் கீறி வைக்கலாமா?

சில்லுக்காரி:
யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு புடவைக்கடை. வாசலில் ஒரே ஒரு படி. போன கிழமை அந்தப் படிக்குக் கீழே வீல்செயாரில் இருந்தபடியே சேலை பார்த்தேன். கடைப்பையன் நல்ல பிள்ளை, ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து வெயிலில் விரித்துக் காட்டினான். றோட்டால் போனவர்களும் என்னோடு சேர்ந்து சேலை பார்த்தார்கள்.

நான் ஓவியம் படித்தவள். வன்னியில் இருந்து வந்த நாள் முதல் சில்லில்தான் ஓடுகிறேன். என்னைப் போல ஐந்தாறு பேர் சேர்ந்து மரத்தில் சாய்தளம் செய்து, நாங்களே படம் கீறி, கடைகளுக்குக் கொடுக்க யோசிக்கிறோம். ஜெர்மனியில் ஹனாவ் என்ற ஊரில் ரீட்டா ஏபெல் என்று ஒரு பாட்டி, அவரும் வீல்செயார்தான், லெகோ கட்டைகளை ஒட்டியே கடைகளுக்குச் சாய்தளம் செய்து கொடுக்கிறார். கண்ணைப் பறிக்கும் நிறம். எட்டத்தில் வரும்போதே இந்தக் கடைக்குள் போகலாம் என்று தெரிந்துவிடும். என்ன சொல்கிறீர்கள்?

கந்தர்மடத்தான்:
தங்கச்சி, கோபிக்க வேண்டாம், நான் எதிர்க்கிறேன். 1996இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது, 28ஆம் இலக்கம். 2006இல் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள். 2011இல் உயர் நீதிமன்றமே புதிய பொதுக்கட்டடங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்றது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமை பற்றிய ஐநா சமவாயத்துக்கும் இலங்கை ஒப்புதல் கொடுத்தது. இவ்வளவும் இருக்க, நீங்கள் பெயின்ற் வாளியோடு போனால் பெரியவர்கள் வந்து நாடா வெட்டிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். 2019 கடைசியில் நாடு முழுக்கச் சுவர் கீறினார்களே, யாழ்ப்பாணத்திலும்தான். சுவர் வடிவாகத்தான் இருந்தது. அதன் அடியில் கிடந்த கானை யார் மூடினார்கள்?

சில்லுக்காரி:
அண்ணை, அந்த 2011 வழக்கைப் போட்ட கலாநிதி அஜித் பெரேராவும் வீல்செயாரில் இருந்தவர்தான். அவருக்கு வழக்குப் போடத் தெரிந்தது. எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியும்.

வடிவுக்காகக் கீறப் போகிறேன் என்றா நினைக்கிறீர்கள்? 2014இல் நியூயோர்க்கில் பார்க் மக்கார்தர் என்ற கலைஞர், இவரும் வீல்செயார், ஒரு கண்காட்சி வைத்தார். ஒரு கோடுகூடக் கீறவில்லை. பல இடங்களில் படிக்கு முண்டு கொடுத்து வைத்திருந்த பலகையையும் தகட்டையும் இரவல் வாங்கி வந்து தரையில் பரப்பி வைத்தார்.  அவ்வளவு பெரிய நகரம் எதை வைத்துச் சமாளிக்கிறது என்று வந்தவர்களுக்கு விளங்கியிருக்கும்.

நல்லூரடி:
ஏன் சாய்தளத்தோடு நிற்க வேண்டும்? கண் தெரியாதவர்களுக்கு நடைபாதையில் புடைத்த புள்ளி ஓடு பதிக்கிறார்கள்தானே. அதைக் கோலப் புள்ளி மாதிரிப் பதித்தால் எங்கள் ஊருக்கும் பொருந்தும், பார்க்கவும் நல்லாயிருக்கும்.

பிரம்பு:
இதெல்லாம் போன் வாசிக்க நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நல்லூரடி, உங்கள் கோலத்தில் நான் விழுந்து சாவேன். அந்த ஓட்டில் புள்ளி என்றால் ‘நில், கவனம்’. நீளக் கோடு என்றால் ‘இப்படியே போ’. 1967இல் ஜப்பானில் ஒகயாமாவில் முதன்முதல் பதித்தார்கள், செய்ஈச்சி மியாக்கே என்பவர் கண்டுபிடித்தது. அது எங்கள் காலுக்கும் பிரம்புக்கும் எழுத்து. எழுத்தை எடுத்துக் கோலம் போடுகிறேன் என்றால் எப்படி?

அக்கா, உங்களுக்கும் ஒன்று. நீங்கள் எவ்வளவு வடிவாகக் கீறினாலும் நடைபாதைக்குக் குறுக்கே கிடந்தால் எனக்கு அது தடக்குப்படும் பலகைதான்.

சில்லுக்காரி:
தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. உண்மையாகவே.

மேசன்_ராசன்:
எல்லாரும் கதைக்கிறீர்கள், படி எத்தனை அங்குலம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கணக்கு இதுதான்: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். அதைவிடக் குறைத்தால் பின்னால் கவிழும். அளந்து போடுங்கோ.

சில்லுக்காரி:
கடைப்பையனிடம் கேட்டேன். ஏழரை.

மேசன்_ராசன்:
ஏழரையா, சனிதான். அப்ப ஏழரை அடிப் பலகை வேண்டும். அந்தப் பக்கம் நடைபாதை நாலடி என்று வைத்தாலும் மிச்சம் மூன்றரை அடி றோட்டில் நிற்கும், பஸ் ஏறிவிடும். நிரந்தரமாக வைக்க ஏலாது. கயிறு கட்டி உள்ளே வைத்துக்கொள்ளட்டும், ஆள் வந்தால் சரித்துக் கொண்டுவந்து போடட்டும், ஒருவர் றோட்டில் நிற்கட்டும். பிளைவுட் வேண்டாம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஊதிவிடும். பெயின்ற் காயமுதல் குறுணி மணல் தூவுங்கோ, சில்லு வழுக்காது.

பிரம்பு:
எடுத்து உள்ளே வைப்பார்கள் என்றால் எனக்குச் சம்மதம்.

கந்தர்மடத்தான்:
எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. மற்றவர்கள் நேரே ஏறிப் போவார்கள், நீங்கள் பையன் பலகை தூக்கி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பெயர் சலுகை, உரிமை இல்லை. செய்துதான் ஆவேன் என்றால், பூவும் மயிலும் வேண்டாம். ஒவ்வொரு பலகையிலும் ‘2006’ என்று ஆள் உயரத்துக்குக் கீறுங்கள். அது என்ன என்று கேட்பவனுக்கு ஒழுங்குவிதியைச் சொல்லுங்கள்.

சில்லுக்காரி:
2006ஐ மயிலின் வாலில் கீறுகிறேன்.

கந்தர்மடத்தான்:
ஒளிக்கக் கூடாது.

சில்லுக்காரி:
ஒளிக்கவில்லை, மயிலைத்தான் சின்னதாகக் கீறுவேன். ராசன் அண்ணை, பையனைக் கூப்பிட வெளியில் ஒரு மணி வேண்டும். நிலத்தில் இருந்து மூன்றடிக்கு மேல் போகாமல் வையுங்கள்.

மேசன்_ராசன்:
மூன்றடியா? போன வருடம் ஒரு அலுவலகத்தில் வீல்செயார்காரருக்கு என்று சொல்லியே ஒரு மணி பூட்டச் சொன்னார்கள். ஐந்தடியில் பூட்டினேன். அவர்களும் பார்த்துவிட்டு நல்லது என்றுதான் காசு தந்தார்கள்.