பழைய போர் விமானத்திலிருந்து குதிப்பது: உங்கள் அனுபவம் என்ன?

காற்றாடிப்பித்தன்:
இரண்டாம் உலகப் போர் கால பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் இரட்டை இருக்கை வகையில் பின்னால் உட்கார்ந்து போனவன் நான். பறந்த கதையை விடுங்கள், அதை எல்லோரும் எழுதிவிட்டீர்கள். உறுத்துவது அதற்கு முன் தரையில் நடந்தது. முதலில் பாராசூட், அதற்கு மேல் சீட் பெல்ட். வயிற்றருகே இரண்டு பக்கிள். கட்டிவிட்டவர் திடீரென்று, "எஞ்சின் எரியுது, வெளியே வாங்க" என்றார். பட்டென்று ஒன்றைத் தட்டினேன். தொடைப் பட்டை தளர்ந்தது. அது பாராசூட்! அவர் சிரிக்கவில்லை. "மறுபடி கட்டலாம்" என்றார். இன்னமும் தூக்கத்தில் என் கை வயிற்றைத் தடவுகிறது.

வால்பக்கம்:
2011 ஜூலை 10, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் விமானக் கண்காட்சி. மஸ்டாங், ஸ்கைரெய்டர் என்ற இரண்டு பழைய அமெரிக்கப் போர் விமானங்கள் வானில் மோதிக்கொண்ட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். நான் வேலியோரம் நின்றிருந்தேன். மஸ்டாங்கிலிருந்து கறுப்பாக ஏதோ கழன்றது. பக்கத்திலிருந்தவர், "ஏதோ பாகம் விழுது" என்றார். அந்தப் பாகத்துக்குக் கை கால் இருந்தது. குடை விரிந்ததும் தரை வந்துவிட்டது போல இருந்தது. விமானி ராப் டேவிஸ் பிழைத்துக்கொண்டார். ஸ்கைரெய்டரும் இறக்கை நுனியை இழந்து பத்திரமாக இறங்கியது. விமானத்தைக் கவிழ்த்தால் போதும், பழம் மாதிரி விழுந்துவிடலாம் என்பார்கள். அவ்வளவு தாழ்வில் அதற்கெல்லாம் நேரம் ஏது?

மூன்றாம்கியர்:
வால்பக்கம் சார், நேரம் இருந்தாலும் கவிழ்ப்பது அவ்வளவு லேசு இல்லை. 1942 செப்டம்பர் 30 அன்று ஜெர்மன் போர் விமானி மார்சேய் தன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தில் புகை சூழ்ந்ததும் கவிழ்த்துத்தான் குதித்தார். அதற்குள் விமானம் மூக்கைத் தொங்கப்போட்டுப் பாய்ந்துகொண்டிருந்தது. வால் அவரை அடித்தது, பாராசூட் விரியவே இல்லை. கவிழ்ப்பதாக இருந்தால், மூக்கு கனக்கும்படி முதலிலேயே டிரிம் வைக்க வேண்டும், அதாவது ஸ்டிக்கை (கட்டுப்பாட்டுத் தண்டை) விட்டால் மூக்கு தானாகத் தாழும்படி சரிசெய்ய வேண்டும். கவிழ்ந்ததும் ஸ்டிக்கை விட்டால் அது ஆளை வெளியே எறியும். கவிழ்க்க முடியாவிட்டால் வேகத்தைக் குறைத்து, இறக்கையின் பின்விளிம்பைப் பார்த்துத் தலைகீழாகப் பாயுங்கள். வாலைத் தாண்டும்வரை பாராசூட் கயிற்றை இழுக்காதீர்கள். மஸ்டாங்கில் கண்ணாடி மூடியைக் கழற்றிவிடும்போது தலையைக் குனியுங்கள், இல்லாவிட்டால் அதுவே மண்டையில் அடிக்கும். ஸ்பிட்ஃபயரில் மூடியின் உச்சியில் ஒரு ரப்பர் பந்து தொங்கும். அதை இழுத்துவிட்டு மூடியின் கீழ்விளிம்பை முழங்கையால் வெளிப்பக்கம் தள்ள வேண்டும். சிக்கிக்கொண்டால் கதவில் கடப்பாரை இருக்கிறது, அது அலங்காரத்துக்கு இல்லை.

என் சொந்த அனுபவமா? நிறுத்தி வைத்த விமானத்தில் ஒத்திகை பார்த்தேன். பக்கிள் சரி, மூடி சரி. எழுந்தபோது ஹெட்செட் ஒயர் கழுத்தைப் பின்னால் இழுத்து உட்கார வைத்துவிட்டது. அவ்வளவுதான்.

காற்றாடிப்பித்தன்:
அண்ணா, நான் பக்கிளைப் பற்றி மட்டும்தானே சொன்னேன்?

பின்னூசி:
ஜெட் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "எஜெக்ஷன் சீட் (ஆளோடு வெளியே பாயும் இருக்கை) இருக்கு, உனக்கென்ன" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஹன்டர் என்ற பழைய பிரிட்டிஷ் ஜெட்டில் ஒரு சுற்று போய்விட்டு வந்தோம். எஞ்சின் நின்றதும் எழப் போனேன். ஏணியில் ஏறி வந்த மெக்கானிக் என் ஹெல்மெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே அமுக்கினார். "அசையாதீங்க." சீட் தவறி வெடித்துக் கிளம்பாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசி எதுவும் இன்னும் செருகவில்லை. தலைக்கு மேலும் தொடைகளுக்கு நடுவிலும் கைப்பிடிகள், இரண்டும் உயிரோடு இருக்கின்றன! ஒவ்வொன்றாகச் செருகி, சத்தமாக எண்ணினார். ஒன்று குறைந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். சிவப்பு நாடாவோடு அது என் முழங்கால் பையில் இருந்தது.