வீட்டில் பிரேக் பேட் மாற்ற டிராலி ஜாக்கி: 2 டன்னா, 3 டன்னா?

திருப்பூர்_ஸ்விஃப்ட்:
வணக்கம். என்னிடம் 2018 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் இருக்கிறது. முன்பக்க பிரேக் பேட், எஞ்சின் ஆயில் இரண்டையும் இனி வீட்டிலேயே மாற்றலாம் என்று இருக்கிறேன். போன ஞாயிறு, ஸ்டெப்னியோடு வந்த ஜாக்கியை வைத்துத் தூக்கி முன்சக்கரத்தைக் கழற்றினேன். உருண்டோடிய நட்டை எடுக்கக் குனிந்தபோது 'டொக்' என்று ஒரு சத்தம். ஜாக்கியின் அடித்தட்டு பேவர் பிளாக் இடுக்கில் இறங்கி, வண்டி சாய்ந்துவிட்டது. கழற்றிய சக்கரத்தை முன்பே அடியில் தள்ளி வைத்திருந்ததால் அதன்மேல் உட்கார்ந்தது. என் மகள் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

சக்கரத்தில் உருளும் ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி வாங்கப் போனால், கடைக்காரர் 3 டன் தூக்குவதுதான் நல்லது என்கிறார். 2 டன் தூக்கும் ஜாக்கி அந்த ஜாக்கியில் பாதி எடைகூட இல்லை, விலையும் குறைவு. எதை வாங்குவது?

பழைய_பட்டறை:
தம்பி, குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும். வண்டியோடு வரும் ஜாக்கி வழியில் டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அதை வைத்து வேறு வேலை செய்யாதீர்கள்.

டன் கணக்கை ஒதுக்கிவையுங்கள். உங்கள் வண்டியின் எடை 900 கிலோவை ஒட்டித்தான் வரும். எஞ்சின் முன்னால் இருப்பதால் அதில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்சக்கரங்களில் இறங்கும். முன்பக்கம் முழுவதையும் தூக்கினாலும் 550 கிலோதான். 2 டன்னே தாராளம். நீங்கள் பார்க்க வேண்டியது உயரம். ஜாக்கியின் தலை எவ்வளவு தாழ இறங்கும், எவ்வளவு உயர ஏறும் என்ற இரண்டும் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். முதலில் டேப்பை எடுத்து, கதவுக்குக் கீழே இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் உள்ள தகடு விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சொல்லுங்கள்.

திருப்பூர்_ஸ்விஃப்ட்:
அளந்தேன் ஐயா. 19 செ.மீ. கடையில் பார்த்த 2 டன் 13.5 முதல் 33 வரை. 3 டன் 14 முதல் 43 வரை.

பழைய_பட்டறை:
இப்போது கணக்கு எளிது. தூக்கத் தொடங்கியதும் டயர் தரையை விட்டுவிடாது. ஸ்பிரிங் விரிந்து சக்கரம் தொங்கும்வரை உடம்பு மட்டும்தான் எழும். அதற்கே 8, 9 செ.மீ. போய்விடும். உங்கள் வண்டியில் விளிம்பு 28-க்கு வரும்போதுதான் டயர் எழும்பும். தூக்கிய வண்டியைத் தாங்க அடியில் வைக்கும் இரும்பு ஸ்டாண்டின் மிகக் குறைந்த உயரமும் பொதுவாக அதே 28 பக்கம்தான். 33-ல் நின்றுவிடும் ஜாக்கியால் ஸ்டாண்டை அடிப்பல்லில், அதாவது அதன் மிகத் தாழ்ந்த நிலையில் மட்டுமே வைக்க முடியும். பேடு மாற்ற அது போதும். ஆயில் மாற்ற அடியில் படுத்தால் மூச்சு முட்டும். அதனால் உங்களுக்கு அந்த 43 தான். 3 டன் என்பதற்காக அல்ல, ஏறும் உயரத்துக்காக.

கோவை_கராஜ்:
தரையைப் பற்றி யாரும் பேசவில்லையே. டிராலி ஜாக்கியின் கை வளைவாகத்தான் ஏறும். தலை கைப்பிடிப் பக்கமாக நகரும். அந்த நகர்வுக்கு ஈடாக ஜாக்கி முன்னால் உருள வேண்டும். சின்ன இரும்புச் சக்கரம் பேவர் இடுக்கில் மாட்டினால் உருளாது, தலை தகட்டை விட்டு வழுக்கும். 18 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றை அடியில் போடுங்கள். பழைய டயர் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, நடுவில் கோடு கீறி, தலையில் வைத்தால் தகடு மடங்காது, பெயிண்டும் உதிராது. பலகை 2, ரப்பர் 2 சேர்ந்து 14 என்பது 18 ஆகும். உங்கள் 19-க்குள் நுழைந்துவிடும். டயர் பஞ்சராகிப் படுத்திருந்தால் மட்டும் நுழையாது.

புதிய_ஓட்டுநர்:
ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்கலாமா? வீட்டில் கிடக்கிறது.

பழைய_பட்டறை:
வேண்டவே வேண்டாம். இரும்பு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். கான்கிரீட் கல் எந்த அறிகுறியும் காட்டாமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. உள்ளே ஒரு ரப்பர் சீல் கிழிந்தால் எவ்வளவு விலை கொடுத்த ஜாக்கியும் இறங்கிவிடும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் ஸ்டாண்டு வாங்கும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

திருப்பூர்_ஸ்விஃப்ட்:
ஒரு சந்தேகம். விளிம்பில் ஜாக்கி நின்றால் ஸ்டாண்டு எங்கே நிற்கும்?

கோவை_கராஜ்:
நல்ல கேள்வி. கையேட்டில் கராஜ் ஜாக்கிக்கான இடத்தைப் படமாகவே போட்டிருப்பார்கள். முன்பக்கம் வண்டிக்கு அடியில் உள்ள கனமான குறுக்குச் சட்டத்தில் தூக்கி, இரண்டு விளிம்புகளிலும் ஸ்டாண்டு கொடுங்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பில் மட்டும் ஜாக்கி படக்கூடாது. தூக்கும் முன் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பின்பக்கத்தைத் தூக்கும் நாளில் முன்சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம். ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும், அவை காற்றில் இருந்தால் பயனில்லை.

திருப்பூர்_ஸ்விஃப்ட்:
3 டன்னும் ஒரு ஜோடி ஸ்டாண்டும் வாங்கிவிட்டேன். ஆனால் புது ஜாக்கியின் கைப்பிடியை முதல் நாலைந்து முறை அடித்தாலும் ஏறவே இல்லை, பஞ்சுபோல் அமுங்குகிறது. குறைபாடா?

பழைய_பட்டறை:
காற்று புகுந்திருக்கும். சுமை இல்லாமல், கைப்பிடியை இடப்பக்கம் திருப்பி வால்வைத் திறந்து, பதினைந்து முறை முழுதாக அடியுங்கள். பிறகு வால்வை மூடிப் பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஜாக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் ஊதிக் கெட்டுவிடும். அப்படியும் சுமையோடு இறங்கினால் மாற்றிக் கேளுங்கள்.

திருப்பூர்_ஸ்விஃப்ட்:
பன்னிரண்டாவது அடியிலேயே புஸ் என்று காற்று வெளியேறியது, இப்போது முதல் அடியிலேயே ஏறுகிறது. இன்று காலை இரண்டு பக்கமும் பேடு மாற்றிவிட்டேன். ஸ்டாண்டில் ஏற்றிய பிறகு வண்டியை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மகளை வாசற்படியிலேயே உட்காரச் சொல்லிவிட்டேன். அங்கிருந்தே டார்ச் அடித்தாள்.