பிஆர்பிஎஸ்-இல் எல்லாச் சோதனையும் பாஸ், 45 டிகிரியில் மட்டும் மாடல் தப்பு. எங்கே பிழை?

வெப்பக்குழாய்:
வணக்கம். எம்.இ. இரண்டாம் வருட புராஜெக்ட். லேபில் ஒரு காற்றுக் குழாய் இருக்கிறது. ஒரு முனையில் ஃபேன் (வேகம் மாறாது), நடுவில் ஹீட்டர் காயில், மறுமுனையில் வெப்பநிலை சென்சார். ஹீட்டருக்கு தைரிஸ்டர் வழியாக சப்ளை. என் கையில் இருக்கும் இன்புட் ஃபயரிங் ஆங்கிள் (ஏசி அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் தைரிஸ்டர் எந்த டிகிரியில் ஆன் ஆகிறது என்பது).

90 டிகிரியை நடுவாக வைத்து, 75-க்கும் 105-க்கும் மாறி மாறிப் போகும் பிஆர்பிஎஸ் (இரண்டே மதிப்புக்கு இடையே தாறுமாறாகத் தாவும் சோதனை இன்புட்) கொடுத்தேன். 7 பிட், நீளம் 127, படிக்கு 1 நொடி. கிராஸ் கோரிலேஷனில் (இன்புட்டும் வெளியீடும் எவ்வளவு நேரம் தள்ளி எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற கணக்கு) அழகான எக்ஸ்பொனென்ஷியல் வந்தது, டைம் கான்ஸ்டன்ட் (அது எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்பதன் அளவு) 6 நொடி. மாடல் போட்டபின் மிஞ்சும் எச்சத்துக்கும் இன்புட்டுக்கும் கோரிலேஷன் இல்லை. எச்சத்துக்கும் இன்புட்டின் வர்க்கத்துக்கும் சுத்தமாகப் பூஜ்யம். சரி, லீனியர் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன்.

அதே மாடலை 45 டிகிரிப் பக்கம் ஓட்டினால், அது சொல்லும் மாற்றத்தில் பாதிதான் நிஜத்தில் வருகிறது. சென்சார் மாற்றினேன், வயரிங் பார்த்தேன். டேட்டா பத்தாது என்கிறார் கைடு. பத்து சுற்று ஓட்டியும் அதே கதை.

கண்ட்ரோல்_அக்கா:
டேட்டாவைக் குறை சொல்லாதீங்க தம்பி. உங்கள் இன்புட்டுக்கு இரண்டே மதிப்பு. நடுவைக் கழித்தால் +15, −15. வர்க்கம் எடுத்தால் எந்த நொடியிலும் 225. மாறாத எண்ணோடு எதைக் கோரிலேட் செய்தாலும் பூஜ்யம்தானே வரும்? இந்தச் சோதனை எந்த சிஸ்டத்தையும் பாஸ் போட்டிருக்கும். இரண்டு புள்ளி வழியாக எப்போதும் ஒரு நேர்கோடு போகும் என்பதால், இன்புட் பக்கம் எவ்வளவு வளைவு இருந்தாலும் பிஆர்பிஎஸ் கண்ணில் படாது.

காஸியன் வெள்ளை இரைச்சல் (மணி வடிவில் பரவிய, ஒன்றோடொன்று தொடர்பில்லாத தற்செயல் மதிப்புகள்) கொடுங்க. வளைவு இருந்தாலும் முதல் படிக் கோரிலேஷனில் லீனியர் பகுதியின் வடிவம் கெடாது, அளவுதான் மாறும். 1952-இல் பஸ்காங் என்ற ஆய்வாளர் காட்டியது இது.

வெப்பக்குழாய்:
அக்கா, 90-ஐச் சுற்றி, திட்ட விலக்கம் 15 வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். வர்க்கத்தோடு இன்னும் பூஜ்யம்தான். அப்போ லீனியரேதானா?

பவர்_ஆள்:
90-ஐ விட்டு நகருங்க முதலில். ரெசிஸ்டிவ் லோடுக்கு 90 டிகிரியில் பாதி பவர். 60-இல் சுமார் 80%, 120-இல் சுமார் 20%. இந்தப் பக்கம் எவ்வளவு ஏறுகிறதோ அந்தப் பக்கம் அவ்வளவே இறங்குகிறது. அந்த நடுப்புள்ளியில் வர்க்கப் பகுதியே கிடையாது, ஒற்றைப்படை அடுக்குகள் மட்டும்தான். நீங்கள் போய் உட்கார்ந்த இடம் அப்படி.

அப்புறம், வளைவின் சாய்வு சைனின் வர்க்கமாகப் போகும். 90-இல் 1 என்றால் 45-இல் 0.5. நீங்கள் தேடும் பாதி அதுதான். ஆங்கிளைப் பவராக மாற்றி அதையே இன்புட்டாக வைத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு கோரிலேஷன்?

வெப்பக்குழாய்:
சார், வளைவு ஹீட்டர் பக்கமா சென்சார் பக்கமா என்று டேட்டாவை வைத்தே காட்டச் சொல்கிறார் கைடு. ஃபார்முலா எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கண்ட்ரோல்_அக்கா:
கைடு கேட்பது நியாயம்தான். பில்லிங்ஸ், ஃபக்கூரி என்ற இரண்டு கண்ட்ரோல் ஆய்வாளர்கள் இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். நடு 45, திட்ட விலக்கம் 12, மூன்று மணி நேரம் ஓட்டுங்க. வெளியீட்டோடு இன்புட்டை ஒரு தடவை, இன்புட்டின் வர்க்கத்தை ஒரு தடவை கோரிலேட் செய்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையுங்க. வளைவு முன்னால், ஹீட்டர் பக்கம் இருந்தால் (ஹேமர்ஸ்டைன் மாடல்) இரண்டும் ஒரே வடிவம், அளவு மட்டும் வேறு. பின்னால், சென்சார் பக்கம் இருந்தால் (வீனர் மாடல்) இரண்டாவது, முதலாவதின் வர்க்கம் போல வரும். எக்ஸ்பொனென்ஷியலை வர்க்கம் எடுத்தால் டைம் கான்ஸ்டன்ட் பாதியாகும். ஆக இரண்டாவது 6 நொடியில் தேய்கிறதா, 3 நொடியிலா என்று பாருங்க, போதும்.

1.96-ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்து இரண்டு கோடு (95% நம்பிக்கை எல்லை) போடுங்க. 10,800 மாதிரிக்கு ±0.019. அதற்குள் இருப்பதை நம்பாதீங்க.

வெப்பக்குழாய்:
முடிந்தது. வெளியீட்டின் சராசரியைக் கழிக்க மறந்ததில் முதலில் வர்க்கத்தின் படம் முழுக்கப் படுத்த கோடு. இரண்டு மணி நேரம் அதில் போச்சு. கழித்த பிறகு முதலாவதின் உச்சம் −0.5, இரண்டாவது −0.15 (ஆங்கிள் கூடினால் சூடு குறையும், அதனால் மைனஸ்). இரண்டுமே 6 நொடிக்குப் பக்கத்தில் தேய்கின்றன. ஹேமர்ஸ்டைன். பவர் மாற்றத்தை முன்னால் போட்டு மாடலைத் திரும்பப் பொருத்தியதும், எச்சம்–வர்க்கம் கோரிலேஷன் கோட்டுக்குள் அடங்கிவிட்டது.

பவர்_ஆள்:
நான் சொன்ன அதே பவர் மாற்றம்! நடக்கட்டும் நடக்கட்டும். சப்ளை வோல்ட்டேஜையும் கூடவே பதிந்துவையுங்க தம்பி, மாலையில் அது இறங்கினால் பவர் வர்க்கமாக இறங்கும்.