ஆர்சி டிரக்: ஆர்ம், பின், ஸ்பர் கியர் – எதை நாமே செய்யலாம், எதை வாங்கணும்?

வாய்க்கால்கரை_டிரக் (மயிலாடுதுறை)

வண்டி ரிமோட்ல ஓடற 1/10 அளவு ஷார்ட் கோர்ஸ் டிரக் (மண் ரேஸ் வண்டி மாடல்), டூவீல் டிரைவ், 540 பிரஷ்டு மோட்டார். ஓடுறது பூரா ஆத்து மணல்லயும் வாய்க்கால் கரையிலயும்தான்.

இப்ப பாக்கி நிக்கிற வேலை: முன்பக்க வலது கீழ் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கற சஸ்பென்ஷன் கை), ஹிஞ்ச் பின் (ஆர்ம் கீல் மாதிரி ஆடற கம்பி) போற ஓட்டைகிட்ட பிளந்திருக்கு. அந்த 3 மிமீ பின்னும் வளைவு. பின்சக்கர ஹெக்ஸுக்குள்ள (சக்கரம் மாட்டற அறுகோணக் கட்டை) இருக்கற 2 மிமீ குறுக்குப் பின் ஒண்ணைக் காணோம். ஸ்பர் கியர்ல (மோட்டார் சுத்தி விடற பெரிய பல்சக்கரம்) நாலஞ்சு பல் மொட்டை. முன் ஷாக் டவர்ல (ஷாக்கோட மேல்நுனி மாட்டற தட்டு) மேல் ஓட்டை கிழிஞ்சிருச்சு.

ஆன்லைன்ல தனித்தனியா போட்டா பொருள் விலையைவிட கூரியர் கூட வருது. பக்கத்துலயே லேத் பட்டறை இருக்கு, 3டி பிரிண்டரும் கிடைக்கும் (பிஎல்ஏ, பிஇடிஜி பிளாஸ்டிக்). எதைச் செய்யலாம், எதை வாங்கியே ஆகணும்? ஆர்மை அலுமினியத்துலயும் ஸ்பரை ஸ்டீல்லயும் போட்டா ஒரேயடியா தொல்லை தீருமா? மேட்டூர் தண்ணி வந்து மணல் மூழ்கறதுக்குள்ள வண்டி ஓடணும்.

கொள்ளிடம்_ஃபோர்வீல் (கும்பகோணம்)

கடைசிக் கேள்விக்கு முதல்ல. தொல்லை தீராது தம்பி, இடம்தான் மாறும். நைலான் ஆர்ம் வளைஞ்சு அடியை வாங்கிக்கும், மிஞ்சிப் போனா அதுவே உடையும். அலுமினியம் அந்த அடியை அப்படியே பல்க்ஹெட்டுக்கு (ஆர்ம் மாட்டியிருக்கற முன்பக்கக் கட்டு) அனுப்பிரும். ஆர்ம் மாத்த ரெண்டு பின் கழட்டினா போதும். பல்க்ஹெட் மாத்த முன்பக்கம் மொத்தத்தையும் பிரிக்கணும். பிளாஸ்டிக் ஸ்பரும் அதே மாதிரிதான். அது பல் கொட்டினா உள்ள இருக்கற டிஃப் (ரெண்டு சக்கரத்துக்கும் சுத்தைப் பிரிச்சுக் கொடுக்கற கியர்) பிழைச்சுது. செய்யறதோ வாங்கறதோ, உடைய வேண்டிய சாமான் உடையட்டும்னு விடுங்க.

ஸ்பர் வாங்குங்க. பிஇடிஜி ஸ்பர் மோட்டார் சூட்டுல இளகி, பல் சாய்ஞ்சுரும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பல் அளவைப் பாருங்க (பிட்ச், மாடியூல்னு ரெண்டு கணக்குல சொல்வாங்க): வெளி விட்டத்தை (மிமீ), பல் எண்ணிக்கையோட 2 கூட்டி வகுங்க. 0.53 வந்தா 48 பிட்ச், 0.8 வந்தா 32 பிட்ச் (இல்லாட்டி மாடியூல் 0.8), 0.6 வந்தா மாடியூல் 0.6. உதாரணத்துக்கு 86 பல், 46.6 மிமீன்னா 48 பிட்ச். அதே 86 பல் 44 மிமீன்னா மாடியூல் 0.5. இந்த ரெண்டும் கண்ணுக்கு ஒண்ணு மாதிரியே தெரியும், கலந்து போட்டா கொஞ்ச நேரத்துல பல் மாவாயிரும். பினியன் (மோட்டார் தண்டுல இருக்கற சின்ன கியர்) பல்லு சுறா துடுப்பு மாதிரி கூராகியிருந்தா அதையும் சேர்த்து மாத்திருங்க, இல்லாட்டி புது ஸ்பரை அது தின்னுரும். பினியன் ஓட்டை தண்டுக்குப் பொருந்தணும், 540 மோட்டார் தண்டு 3.17 மிமீ.

மாட்டும்போது ரெண்டு கியருக்கும் நடுவுல நோட்டுத் தாள் கீத்து ஒண்ணு விட்டு, அழுத்திப் பிடிச்சு மோட்டார் ஸ்க்ரூவை முடுக்கி, தாளை உருவுங்க. அப்புறம் ஸ்பரை ஒரு முழுச் சுத்து சுத்தி, நாலு இடத்துல லேசான ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஒரு இடத்துல மட்டும் இறுகினா ஸ்பர் நெளிவு.

ஹெக்ஸ் பின்னை வீட்டுலயே செய்யலாம். 2 மிமீ டிரில் பிட்டோட மொட்டை முனையை, வெட்டற டிஸ்க்குல 10 மிமீ நீளத்துக்கு அறுத்து, ரெண்டு நுனியையும் லேசா மழுக்கினா முடிஞ்சுது. ஹேக்சா பிளேடு அதுல ஏறாது. தெறிக்கும், கண்ணாடி போட்டுக்குங்க. ஆணி, சைக்கிள் போக்ஸ் கம்பி வேண்டாம். மெத்துன்னு வளைஞ்சு, ஆக்ஸில் ஓட்டையை முட்டை வடிவமாக்கி, ஹெக்ஸ் பள்ளத்தையும் கிழிச்சுரும்.

பெரியகோயில்_பிரிண்ட் (தஞ்சாவூர்)

ஆர்ம் விஷயத்தில் அண்ணனோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். ஒரிஜினல் நைலான் ஆர்ம் கிடைத்தால் வாங்குங்கள். ‘ஸ்டாக் இல்லை’ என்றால் பிஇடிஜி-யில் தாராளமாக ஓட்டலாம், மூன்று விஷயங்களைக் கவனித்தால்.

முதலாவது, படுக்க வைத்து அச்சிடுங்கள். நிற்க வைத்தால் அடுக்கு அடுக்காகப் பிரிந்து முதல் அடியிலேயே போகும். இரண்டாவது, இன்ஃபில்லைக் (உள்நிரப்பு) கூட்டுவதைவிட சுவரைக் கூட்டுங்கள்: 0.4 மிமீ நாசிலில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) 5 சுற்று, ஹிஞ்ச் ஓட்டையைச் சுற்றிக் குறைந்தது 3 மிமீ சதை. உங்களுடையது பிளந்த இடமும் அதுதானே. மூன்றாவது, ஓட்டையை 2.7 மிமீ-க்கு அச்சிட்டு, 3 மிமீ டிரில்லைக் கையால் மெதுவாக விட்டுத் திறங்கள். பின் போட்டதும் ஆர்ம் தன் எடையிலேயே கீழே விழ வேண்டும். பிடித்தால் சஸ்பென்ஷன் வேலை செய்யாது.

அளவெடுக்க: உடையாத இடது ஆர்மின் இரண்டு ஓட்டைகளிலும் நேரான 3 மிமீ டிரில் பிட் செருகி, வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வெர்னியரில் அளந்து, 3-ஐக் கழியுங்கள். அதுதான் மைய தூரம். வலதுக்குத் திருப்பும்போது மிரர் செய்ய மறக்க வேண்டாம்.

பிஎல்ஏ-வில் முதலில் ஒன்று போட்டு மாட்டிப் பாருங்கள், அளவு சரியா என்று தெரியும். அதோடு எடுத்துவிடுங்கள்: 60 டிகிரியில் அது இளகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்தாலே கோணிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அச்சிடுவதாக இருந்தால் ஃபிலமெண்டை (அச்சிடும் பிளாஸ்டிக் இழை) 65 டிகிரியில் ஆறு மணி நேரம் உலர்த்துங்கள். ஈரம் பிடித்தது நாசிலில் படபடவென்று வெடிக்கும், அடுக்குகள் ஒட்டாது.

வாங்கிய நைலான் ஆர்மை அப்படியே மாட்டாதீர்கள். இருபது நிமிடம் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் இரவு முழுக்க விடுங்கள். நைலான் தண்ணீர் குடித்தால் உடையாமல் வளையும்.

வாய்க்கால்கரை_டிரக் (மயிலாடுதுறை)

ரொம்ப நன்றிண்ணே, நன்றி சார். ஹிஞ்ச் பின் லேத்ல போடலாமா? இன்னொண்ணு: முன்சக்கர பேரிங் ரெண்டும் கரகரங்குது. அதே லேத்ல பித்தளை புஷ் (பேரிங்குக்குப் பதிலா போடற வளையம்) கடைஞ்சு போட்டுட்டா மணலுக்குத் தாங்கும்னு ஒருத்தர் சொல்றார்.

உப்புக்காத்து (நாகப்பட்டினம்)

பித்தளை புஷ் வேண்டவே வேண்டாம். நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு கடையற கை நம்ம ஊர்ல இருக்கு, வேலைப்பாட்டுல குறை வராது, பொருள்தான் தப்பு. மணல் துகள் மெத்துன்னு இருக்கற பித்தளையில பதிஞ்சு உக்காந்துக்கும். அப்புறம் அந்த புஷ்ஷே அரமாகி ஸ்டீல் ஆக்ஸிலைத் தேய்க்கும். எண்ணெய் விட்டா இன்னும் மணல் ஒட்டும்.

பேரிங்கை வாங்குங்க, வண்டிக் கம்பெனி பேர் போட்டதுதான் வேணும்னு இல்லை. வெர்னியர்ல அளந்து நம்பர் சொல்லிக் கேளுங்க: 5×11×4 மிமீன்னா எம்ஆர்115, 5×10×4ன்னா எம்ஆர்105, 10×15×4ன்னா 6700. பின்னாடி 2ஆர்எஸ்னு இருக்கணும், அது ரப்பர் சீல். இசட்இசட்னா தகட்டு மூடி, மணல் உள்ள போயிரும். கடற்கரைப் பக்கம் ஓட்டினா ஸ்டெயின்லெஸ் கேளுங்க.

ஹிஞ்ச் பின்னுக்கு லேத்ல 3 மிமீ சில்வர் ஸ்டீல் (வெள்ளி இல்லை, டூல் ஸ்டீல் வகை) ராடு இருந்தா நல்லது, சாதா எஸ்எஸ் ராடு வளைஞ்சுரும். பழைய பின் ஈ-கிளிப் (காடியில மாட்டற E வடிவ வளையம்) வகைன்னா நுனியில காடி வெட்டணும்: 2.3 நம்பர் கிளிப்புக்கு காடியோட அடி விட்டம் 2.3 மிமீ, அகலம் 0.6-க்கு ஒரு மயிரிழை கூட. காடிக்கும் காடிக்கும் நடுவுல உள்ள தூரத்தை பழைய பின்னுலயே எடுங்க. கைக்கு வந்ததும் கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, அடியில வெளிச்சம் தெரிஞ்சா நேரா இல்லை.

ஷாக் டவருக்கு 1.6 மிமீ கண்ணாடி ஃபைபர் பிசிபி போர்டு (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு அட்டை, தாமிரம் இல்லாதது) ரெண்டை எப்பாக்சி வெச்சு ஒட்டினா 3.2 மிமீ வரும், நல்ல விறைப்பு. பழைய டவரை மேல வெச்சு வரைஞ்சு அறுங்க. தண்ணி தெளிச்சுக்கிட்டே அறுங்க, மாஸ்க்கும் போடுங்க. அந்தக் கண்ணாடித் தூசி நெஞ்சுக்கு ஆகாது. சமையல்கட்டு வெள்ளை கட்டிங் போர்டை இதுக்கு வெட்டாதீங்க, வளையும். அது அடித்தட்டுக்கு மட்டும் லாயக்கு.

வாய்க்கால்கரை_டிரக் (மயிலாடுதுறை)

சரிண்ணே. டவர் ஸ்க்ரூவுக்கு த்ரெட்லாக் (மரை கழலாம பிடிக்கற பசை) போடலாமா? அடிக்கடி கழண்டுருது.

உப்புக்காத்து (நாகப்பட்டினம்)

ஸ்க்ரூ பிளாஸ்டிக்குல ஏறுற இடம்னா போடாதீங்க, அந்தத் திரவமே சில பிளாஸ்டிக்கை விரிசல் விட வெச்சுரும். மரை தேஞ்சிருந்தா ஒரு சைஸ் நீளமான எம்3 ஸ்க்ரூ போட்டு, அடியில புது மரையைப் பிடிக்க வைங்க. எதிர்ப்பக்கம் இடம் இருந்தா நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் வெச்சது). நீலக் கலர் த்ரெட்லாக்கை மோட்டார் ஸ்க்ரூவுக்கும் பினியன் கிரப் ஸ்க்ரூவுக்கும் (பினியனைத் தண்டோட பிடிக்கற தலையில்லாத ஸ்க்ரூ) வெச்சுக்குங்க. அதுவும் ஒரு சொட்டுதான், தண்டை எண்ணெய் போகத் துடைச்சுட்டு.