சூடாறாத கரி மூட்டை, உடையாத சீல்: தூத்துக்குடி ஏற்றுமதி அனுபவம்

தூத்துக்குடியில் ஃபார்வர்டிங் வேலையில் இருக்கிறேன், அதாவது ஏற்றுமதியாளர்களின் சரக்குக்குக் கப்பலில் இடம் பிடித்து அனுப்பிவைக்கும் வேலை. ஒருமுறை காங்கேயம் பக்கமிருந்து ஒரு பார்ட்டி நாற்பதடி கன்டெய்னருக்கு புக்கிங் கேட்டார். சரக்கின் பெயர் "தேங்காய் உபபொருட்கள்", அவ்வளவுதான். அப்படி மொட்டையாக எழுதினால் அது கயிற்று நாராகவும் இருக்கலாம், சிரட்டைக் கரியாகவும் இருக்கலாம். கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் சரக்கு, கடல்வழி ஆபத்துச் சரக்குகளுக்கான ஐஎம்டிஜி என்ற சர்வதேச விதிகளில் 4.2 வகுப்பு. சோதனைச் சான்றிதழ் காட்டினால் சாதாரணச் சரக்காக ஏற்றலாம் என்று அப்போது சலுகை இருந்ததால் அந்தச் சான்றிதழைக் கேட்டேன்.

"அண்ணே, எல்லாரும் இப்படித்தான் அனுப்புறாங்க, நீங்க மட்டும் ஏன் துருவித் துருவிக் கேக்குறீங்க" என்றார். அவருடைய நெருக்கடி புரிந்தது, 4.2 என்று போட்டால் வாடகை ஏறும், சில கப்பல் கம்பெனிகள் எடுக்கவே மாட்டார்கள், வாங்குபவரோ அவசரப்படுத்துகிறார். சரி என்று நேரிலேயே போய்ப் பார்த்தேன். கொட்டகையில் மூட்டைகளை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். வெளி வரிசை குளிர்ந்துதான் இருந்தது, இரண்டாவது வரிசைக்கு நடுவில் கையை நுழைத்தால் நன்றாகவே சுட்டது. சூளையிலிருந்து எப்போது எடுத்தது என்று மேஸ்திரியிடம் கேட்டேன், "முந்தாநாள்" என்றார்.

அந்த புக்கிங்கை நாங்கள் எடுக்கவில்லை. வேறு யாராவது எடுத்து அனுப்பியிருப்பார்களோ என்ற உறுத்தல் இன்னும் இருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல் அந்தச் சலுகையே கிடையாது, கரி என்றால் ஆபத்துச் சரக்கு என்றுதான் அறிவிக்க வேண்டும். பொதுவாக 14 நாள் காற்றாட விட வேண்டும், ஏற்றும் நாளில் சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது, கன்டெய்னர் கூரைக்கும் சரக்குக்கும் நடுவில் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். இதை நான் மனதார வரவேற்கிறேன்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலைத்தான் சொல்வேன். எங்கள் கன்டெய்னர்கள் நிறைய கொழும்பு வழியாகப் போகின்றன, அதனால் அந்தச் செய்தி எங்களை உலுக்கிவிட்டது. அதில் இருந்த நைட்ரிக் அமிலம் ஒளித்து ஏற்றியது கூட இல்லை, ஆவணத்தில் இருந்த சரக்குதான். கசிவு தெரிந்த பிறகு கத்தாரின் ஹமாத் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசீராவிலும் அந்தக் கன்டெய்னரை இறக்க முடியவில்லை. கடைசியில் 2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தபோது கப்பல் தீப்பிடித்தது. 1,486 கன்டெய்னர்கள் இருந்த கப்பல். கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள் ஒதுங்கின, மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் கிடந்தார்கள். கசிகிற ஒரு கன்டெய்னரை வாங்கிக்கொள்ள எந்தத் துறைமுகம் தயார் என்பது கப்பல் கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அப்புறம் திருட்டு. திருப்பூர் பனியன் சரக்கு ஒன்று ஐரோப்பாவில் இறங்கியபோது கதவைப் பூட்டும் எண் போட்ட போல்ட் சீல் அப்படியே இருந்தது, எண்ணும் சரி, உள்ளே அட்டைப்பெட்டிகள் குறைவு. வாங்கியவர் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: கதவுக் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகளில் ஒன்று மட்டும் பளபளவென்று புதுப் பெயின்ட்டில் இருந்தது. சீலைத் தொடாமல் ரிவெட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து, சரக்கை எடுத்துவிட்டு, வேறு ரிவெட் அடித்து மேலே பெயின்ட் பூசியிருக்கிறார்கள். சீல் எண்ணை மட்டும் சரிபார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. ஃபேக்டரியிலிருந்து துறைமுகம் வரும் வழியில் எங்கோ நடந்திருக்கும் என்பதுதான் எங்கள் சந்தேகம், ஆனால் ஏற்றியபோது எடுத்த படம் கையில் இல்லாததால் இன்ஷூரன்ஸ்காரரிடம் அதை நிரூபிக்க முடியவில்லை.

இப்போது ஸ்டஃபிங், அதாவது கன்டெய்னருக்குள் சரக்கு ஏற்றுவது, முடிந்ததும் இரண்டு கதவுகளின் கைப்பிடி, கீல், ரிவெட் எல்லாவற்றையும் கிட்டத்தில் படம் எடுக்கிறோம், துறைமுக கேட்டில் அதே கோணத்தில் மறுபடி எடுக்கிறோம். ரிவெட்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கவும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், புதுப் பெயின்ட் என்றால் நகத்தில் ஒட்டும். சென்னை, காட்டுப்பள்ளி பக்கம் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதை கேட்டிலேயே செய்கிறீர்களா? டிரைவர் வழியில் வண்டியை நிறுத்துவதை எப்படிக் கண்காணிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.