இதயத் துடிப்பை மனம் மறைக்கிறதாம்!

கறார்:
உள்நோக்கி என்பவர் இந்த மன்றத்தின் இன்னொரு இழையில் எழுதியதன் சுருக்கம் இது. மனம் ஒரு தணிக்கை அதிகாரியாம். உடலுக்குள் நடப்பது எல்லாம் அதன் மேசைக்கு வருகிறதாம். நமக்குப் பைத்தியம் பிடிக்கக் கூடாதே என்று இதயத் துடிப்பு முதல் குடலின் அசைவு வரை வேண்டுமென்றே மறைத்துவிடுகிறதாம். கீழே ஒரே கைதட்டல்.

வராத கடிதத்தை எப்படி ஐயா ஒளித்துவைப்பது? கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்த உணரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் அவை மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, அது இதய வேகத்தையும் இரத்தக்குழாயின் இறுக்கத்தையும் அங்கேயே சரிசெய்துவிடுகிறது. அழுத்தம் 180க்கு ஏறினாலும் பலருக்கு ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். கல்லீரலின் உள்ளே வலி நரம்பு கிடையாது, வலிப்பது அதன் உறை. மூளைத் திசுவுக்கும் வலி கிடையாது. சில மூளை அறுவைகளை நோயாளியை விழித்திருக்க வைத்தே செய்கிறார்கள். இதில் மனம் எதை மறைத்தது?

ஒரே கேள்வி. இதயத் துடிப்பை மனம் மறைக்கிறது என்பதற்குச் சான்று என்ன?

உள்நோக்கி:
என்னைத் திட்டத் தனி இழையே திறந்துவிட்டீர்கள், பாக்கியம்! நான் பல வருடங்களாகத் தியானம் செய்கிறேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு துடிப்பும் தெளிவாகத் தெரியும். எழுந்து வேலையில் இறங்கியதும் காணாமல் போய்விடும். இதயம் அதேதான், நெஞ்சும் அதேதான். மறைத்தது யார்?

கறார்:
வருவீர்கள் என்று தெரியும். 2008இல் அனுபவமுள்ள தியானிகளையும் தியானமே செய்யாதவர்களையும் வைத்து இதயத் துடிப்பைக் கண்டறியச் சொன்னார்கள். தியானிகள் ஒரு படிகூட மேலே இல்லை. ஆனால் ஒன்றில் மட்டும் முந்திக்கொண்டார்கள்: தாங்கள் நன்றாகச் செய்ததாகவும், சோதனை சுலபம் என்றும் சொன்னதில்.

இடைச்செருகல்:
ஹாஹா. உள்நோக்கி அண்ணே, தண்ணீர் குடியுங்கள்.

நிழல்வாசகி:
சிரித்தது போதும். மூளைத்தண்டிலிருந்து இதயம், குடல் வரை ஓடுகிற வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறக்குறைய 80 சதவீதம் உடலிலிருந்து மூளைக்குப் போகிறவை. கடிதம் வரவில்லையாம்! மூட்டை மூட்டையாக வருகிறது.

சான்றுதானே வேண்டும்? 2016இல் சுவிட்சர்லாந்தின் லொசான் ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை. ஒரு கண்ணுக்குப் படபடவென்று மாறும் வடிவங்கள், மறு கண்ணுக்கு மினுங்கும் ஒரு சிறு படம். முதலில் வடிவங்கள்தான் தெரியும், படம் பிறகுதான் புலப்படும். அந்தப் படம் பார்ப்பவரின் இதயத் துடிப்போடு சேர்ந்து மினுங்கியபோது அது புலப்பட அதிக நேரம் பிடித்தது. உடலின் உள்நிலையை உணர்வதில் பங்குள்ள மூளைப்பகுதியான இன்சுலாவின் செயல்பாடும் அப்போது குறைந்திருந்தது. அதாவது, துடிப்போடு ஒத்துவருவது எதுவானாலும் "இது உள்ளே இருந்து வருவது" என்று மூளை அதைத் தணிக்கிறது. மறைப்பு என்றால் இதுதான்.

கறார்:
அம்மையாரே, அவர்கள் காட்டியது கண்ணில் பட்ட படம். நான் கேட்டது இதயத் துடிப்பு. படம் தாமதமாகத் தெரிந்ததால் துடிப்பு மறைக்கப்பட்டதாகிவிடுமா?

நிழல்வாசகி:
துடிப்பையே தணிக்கும் ஏற்பாடு இல்லாமல் அதோடு சேர்ந்துவருவதை மட்டும் ஏன் தணிக்க வேண்டும்? யோசித்துவிட்டுப் பதில் எழுதுங்கள், பழக்கம் இல்லையென்றாலும்.

கறார்:
யோசித்துவிட்டேன். அது கண்ணில் பட்ட படம்.

மூன்றாம்செவி:
நடுவே வருவதற்கு மன்னிக்கவும். உள்காதின் அரைவட்டக் குழாய் ஒன்றின் மேலுள்ள எலும்பு சிலருக்கு மெலிந்து திறந்துவிடும். 1998இல் லாயிட் மைனர் என்ற மருத்துவர் குழுவோடு விவரித்த கோளாறு இது. இவர்களில் சிலருக்குத் தங்கள் கண் உருள்கிற சத்தமே காதில் கேட்கும்! நாடித்துடிப்பு, காலடி அதிர்வு எல்லாம் கேட்கும். அறுவை செய்து ஓட்டையை அடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மறைப்பவர் யார் என்ற பட்டியலில் எலும்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கறார்:
முதல்முறையாக உருப்படியான பதிவு. எலும்பில் ஓட்டை விழுந்ததும் அந்தத் தணிக்கை அதிகாரி எங்கே போனார்? விடுப்பிலா? வருடக்கணக்கில் அந்தச் சத்தத்தோடு தவிக்கிறார்கள், அவர் வந்து மறைக்கவில்லையே. இடப்பக்கமாகப் படுத்தால் துடிப்பு தெரிவதும் இப்படித்தான், இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவரை நெருங்குகிறது. பீதியில் தெரிகிறதென்றால் இதயம் பலமாக அடிக்கிறது. பலமாக அடித்தால் தெரியும், மெல்ல அடித்தால் தெரியாது. இதற்கு மனம் எதற்கு?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2009இல் வந்த ஆய்வு. இன்சுலா இருபுறமும் சேதமான ஒருவருக்கு மருந்து கொடுத்து இதயத்தை வேகப்படுத்தினார்கள். இன்சுலா இல்லாமலே அவர் துடிப்பை உணர்ந்தார். நெஞ்சுத் தோலை மரக்கவைத்ததும் அந்த உணர்வு குறைந்துபோனது. ஆக நாம் இதயத்தை உணர்வதே இல்லை, தோலில் படும் உதையைத்தான் உணர்கிறோம். கதை முடிந்தது.

நிழல்வாசகி:
மீதிப் பாதியை யார் சொல்வார்கள்? ஒப்பீட்டுக்கு வந்த நலமானவர்களுக்கும் தோலை மரக்கவைத்தார்கள். அவர்களுக்குத் துடிப்பு தொடர்ந்து தெரிந்தது. தோல் ஒரு பாதை, உள்ளிருந்து இன்சுலா வரை இன்னொரு பாதை என்பதுதான் அதன் முடிவே. அந்தப் பாதியை மறைத்தது மனமா, கறாரா?

இடைச்செருகல்:
அடி தூள்!

கறார்:
நான் எதையும் மறைக்கவில்லை, இடம் கருதிச் சுருக்கினேன். இரண்டு பாதை இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பாதையில் வருகிற செய்தியையும் மனம் மறைக்கிறது என்பதற்குச் சான்று எங்கே? அது இன்னும் வரவில்லை.

நிழல்வாசகி:
வலியைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்த வீரர்களைக் கவனித்து ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் 1946இல் எழுதினார். கேட்டபோது ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வலிமருந்து வேண்டாம் என்றார்கள். காயம் உண்டு, நரம்பு உண்டு. நடுமூளையிலிருந்து இறங்கும் பாதை தண்டுவடத்திலேயே வலிச் செய்தியை அடக்க முடியும். தண்டுவடத்தில் ஒரு கதவு போல வலிச் செய்தி விடப்படுகிறது அல்லது தடுக்கப்படுகிறது என்று 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற ஆய்வாளர்கள் சொன்ன வலிக்கதவுக் கோட்பாடும் இந்த வழியில்தான். மேலிருந்து கீழே அடக்கும் வேலை உடலில் இருக்கிறது, கறார். சான்றே இல்லை என்று அடம்பிடிக்காதீர்கள்.

கறார்:
படத்திலிருந்து போர்க்களத்துக்குப் போய்விட்டீர்கள். அங்கே குண்டு துளைத்தது தசையை. நான் கேட்டது இதயத் துடிப்பு.

உள்நோக்கி:
இவரோடு பேசுவது வீண், நிழல்வாசகி. கனவு பற்றிய இழையிலும் இதே ஆட்டம்தான். பத்து பேர் பதில் சொன்ன பிறகு ராத்திரியோடு ராத்திரியாகத் தன் முதல் பதிவைத் திருத்திவிட்டு "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்றார்.

கறார்:
எழுத்துப்பிழையைத் திருத்தினேன். அதையே இன்னும் எத்தனை காலம் சொல்வீர்கள்?

உள்நோக்கி:
"ஒருபோதும்" என்பது "பெரும்பாலும்" ஆனது எழுத்துப்பிழையா?

அரைத்தூக்கம்:
நான் மருத்துவமனையில் வேலை செய்பவன், அதனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீரிழிவால் இதயத்துக்குப் போகும் நரம்புகள் கெட்டுப்போனவர்களுக்கு மாரடைப்பு வந்தும் நெஞ்சுவலி தெரியாமல் போகலாம். மூச்சுத்திணறல், வியர்வை, சோர்வு மட்டுமே இருக்கலாம். மற்றவர்களுக்கும் வலி இடது கையிலோ தாடையிலோ தெரியலாம். இதயத்தின் நரம்புகளும் கையின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதுதான் காரணம். "மனம் மறைக்கிறது, தியானத்தில் தெரிந்துவிடும்" என்று எழுதுபவர்கள் கொஞ்சம் பொறுப்போடு எழுதுங்கள்.

கறார்:
கேட்டீர்களா? நரம்பு கெட்டது, செய்தி வரவில்லை.

நிழல்வாசகி:
நரம்பு கெடாதவர்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்? அரைத்தூக்கம், நீங்கள் யார் பக்கம்?

அரைத்தூக்கம்:
யார் பக்கமும் இல்லை. இரவுப் பணி முடிந்து வந்திருக்கிறேன்.

இடைச்செருகல்:
நான் நாடியைத் தொடாமல் ஒரு நிமிடம் துடிப்பை எண்ணிப் பார்த்தேன். 72. கருவியும் கிட்டத்தட்ட அதையே காட்டியது. நான்தான் இந்த இழையின் ஞானி.

கறார்:
நிமிடத்துக்கு எழுபது சொச்சம் என்று உங்களுக்கு முன்பே தெரியும், அந்தக் கணக்கில் எண்ணியிருப்பீர்கள். 1981இல் ஷாண்ட்ரி என்ற ஆய்வாளர் கொண்டுவந்த, துடிப்பை எண்ணும் சோதனைமீது உள்ள பெரிய புகாரே இதுதான். ஊகிக்காதே, உணர்ந்த துடிப்பை மட்டும் எண்ணு என்று அழுத்திச் சொன்னால் மதிப்பெண் சரிந்துவிடுகிறது.

நிழல்வாசகி:
மதிப்பெண் சரிகிறதென்றால், வேகஸில் மூட்டை மூட்டையாக வந்தவை எங்கே போயின?

கறார்:
வந்தது மூளைத்தண்டுக்கு. மனதுக்கு அல்ல. முதல் பதிவைப் படியுங்கள்.

உள்நோக்கி:
எந்த முதல் பதிவு? திருத்தியதா, திருத்தாததா?

கறார்:
தேதியோடு படம் பிடித்துப் போடுங்கள், பார்க்கலாம். போடமாட்டீர்கள். அப்புறம் நிழல்வாசகி, 2016 ஆய்வு பற்றி இன்னொரு முறை சொல்கிறேன், அது கண்ணில் பட்ட படம்.