அப்பாவுக்குச் சட்டைப்பை டார்ச்: எது வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. மும்முனை மின்சாரம் ராத்திரியில்தான் வருகிறது. அப்பா வரப்பு வழியே போய் மோட்டார் போடுகிறார். பாம்பு நடமாட்டம் உள்ள இடம். அவருக்குச் சட்டைப்பையில் அடங்கும் நல்ல டார்ச் ஒன்று வேண்டும்.

அட்டையில் 2000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்தாலும், சின்ன டார்ச் சூடானதும் வெளிச்சத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். அதனால் 300 லூமன் நிலையாக நின்றாலே எனக்குப் போதும். ஆனால் வெளிச்சம் காலடியில் பரந்து விழ வேண்டும். கழற்றி மாற்றும் 18650 பேட்டரி (உருளை வடிவ லித்தியம் பேட்டரி) இருந்தால் நல்லது. ஸ்ட்ரோப் (வேகமாக விட்டு விட்டு மின்னும் வெளிச்சம்) வேண்டவே வேண்டாம், அவசரத்தில் அது கண்ணைக் கூச வைக்கும்.

கான்வாய் எஸ்2 பிளஸ், சோஃபர்ன் எஸ்சி31 புரோ இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். முன்னதற்குத் தனி சார்ஜர் வேண்டும், அதுதான் யோசனை. மழையிலும் சேற்றிலும் இவற்றைப் பயன்படுத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2500 ரூபாய்க்குள் வேறு எது நன்றாக இருக்கும்?